மாமனாரின் சிறுநீரகம்

என் வேலை என்னவென்று யார் கேட்டாலும் என் மாமனார் ஒரே பதில்தான் சொல்வார். "வெள்ளைக்காரன் மூத்திரத்த அளக்கற வேலைங்க." குரலை உயர்த்தாமல், சிரிக்காமல், மரியாதை குறையாமல் சொல்வார். அதில் இருந்த 'ங்க' கேட்டவருக்கு. மூத்திரம் எனக்கு.

நான் மெடிக்கல் கோடர். கோயம்புத்தூரில் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் எனக்கு ஒரு நாற்காலி இருக்கிறது. அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் படுத்திருந்து வீடு திரும்பியவர்களின் கேஸ் ஷீட் எங்கள் திரைக்கு வரும். டாக்டர் எழுதியிருப்பதை வரிவரியாகப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டைப் போட வேண்டும். அதை வைத்துத்தான் அங்கே இன்சூரன்ஸ் கம்பெனி ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுக்கும். எனக்கு ஒதுக்கியிருந்தவை பெரும்பாலும் சிறுநீரகக் கேஸ்கள். அதிலும் திடீரென்று சிறுநீரகம் வேலையை நிறுத்தும் கேஸ்கள். ஆபீசில் அதை ஏ.கே.ஐ. என்போம். நோயாளி எவ்வளவு சிறுநீர் கழித்தார் என்று நர்ஸ் குறித்து வைத்த இடத்தைத்தான் நான் முதலில் தேடுவேன். அந்த வகையில் மாமனார் சொன்னது முழுப் பொய் இல்லை.

இந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் அதைக் கேட்டுக் கொஞ்சம் திகைப்பார்கள். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு இரத்தத்தில் எவ்வளவு ஏறியிருந்தாலும் சரி, ஆள் ஒரு சொட்டுச் சிறுநீர் கழிக்காமல் வீங்கிக் கிடந்தாலும் சரி, 'சிறுநீரகப் பாதிப்பு' என்று டாக்டர் எழுதாத வரையில் எங்களைப் பொறுத்தவரை அந்த நோய் அவருக்கு இல்லை. சந்தேகம் இருந்தால் டாக்டருக்கு ஒரு கேள்வி அனுப்பலாம். ஆனால் அந்தக் கேள்விக்குள் பதிலை ஒளித்து வைக்கக் கூடாது. 'இவருக்கு இந்த நோய்தானே?' என்று கேட்பது குற்றம். 'இந்த எண்களைப் பார்த்து என்ன நினைக்கிறீர்கள்?' என்று மட்டும் கேட்கலாம்.

நான் அன்னூர்க்காரி. என் அப்பாவும் அம்மாவும் மற்றவர்கள் தோட்டத்தில் வேலை செய்து என்னைப் படிக்க வைத்தார்கள். என் கணவருக்கு ஊர் வெள்ளகோவில் பக்கம். முருங்கைத் தோட்டமும் எண்ணெய்ச் செக்கும் உள்ள வீட்டில் ஒரே பையன். கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் வேலை. எந்தெந்தத் தெருவில் பிறந்தவர்கள் நாங்கள் என்பதை இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் முடித்துவிட்டு அவர் வீட்டுக்குப் போன் செய்தார். போனை வைத்ததும் மாமனார் சமையலறைக்குள் போய், அடுப்பின் முன் நின்றிருந்த தன் மனைவியை இடது கன்னத்தோடு சேர்த்து அறைந்தார். "உன்ற வளர்ப்பு" என்றாராம். அன்றோடு அத்தைக்கு இடது காது போயிற்று. எங்கள் கல்யாணத்துக்காக அந்த வீட்டில் நடந்த ஒரே சடங்கு அது.

பிறகு என் மகள் பிறந்ததும், பேத்தியைப் பார்க்க வேண்டும் என்ற பேச்சு வந்து, நாங்கள் போக ஆரம்பித்தோம். நான் போனால் எனக்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளர் தண்ணீர்த் தொட்டியின் மேல் கவிழ்ந்திருக்கும். நான் தொட்ட சொம்பில் மாமனார் தண்ணீர் குடிக்க மாட்டார். என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேச மாட்டார். "அன்னூர்க்காரிய அக்கட்ட நிக்கச் சொல்லு" என்று என் கணவரிடம் சொல்வார். என் கணவர் என்னிடம், "கொஞ்சம் அந்தப் பக்கம் வாயேன்" என்பார். அவ்வளவுதான் அவருடைய வீரம்.

அத்தையை நல்லவர் என்று சொல்லிவிடவும் முடியாது. அந்த டம்ளரைத் தனியாகக் கழுவித் தனியாகக் கவிழ்த்து வைத்தவர் அவர்தான். ஆனால் மாமனார் தோட்டத்துக்குப் போன பிறகு என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, போசியில் இருக்கிற கறியில் நல்ல துண்டாக எடுத்துப் போடுவார். "சாப்புடு கண்ணு, வெரசாச் சாப்புடு" என்று வாசலைப் பார்த்துக்கொண்டே சொல்வார். அவருடைய அம்மா செத்துப்போன அன்று, மாடு கறந்து பால் ஊற்றிய பிறகு போனால் போதும் என்று மாமனார் சொல்லிவிட்டார். இவர் போய்ச் சேர்ந்தபோது சுடுகாட்டிலிருந்து ஆட்கள் திரும்பி வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்களாம். இதை அத்தை என்னிடம் சொன்னபோது அழவில்லை. பல்லில் சிக்கிய நாரை எடுப்பது போல எடுத்துச் சொன்னார்.

மாமனாருக்கு இரண்டு முட்டியிலும் வலி. இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை உண்டு. முட்டி வலிக்கு டாக்டரைப் பார்க்க மாட்டார், மெடிக்கல் கடையிலிருந்து வலி மாத்திரை வாங்கி வரச் சொல்லுவார். வாங்கி வருவதும் எடுத்துக் கொடுப்பதும் அத்தையின் வேலை. போன வருஷம் வெயில் காலத்தில் காங்கேயத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தவருக்கு வாந்தியும் பேதியும் பிடித்துக்கொண்டது. ஊரில் பலருக்கும் அப்படித்தான் ஆயிற்று. மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள். இவர் எழவில்லை.

எங்களுக்குச் சில நாள் கழித்துத்தான் தெரிந்தது. அத்தை போன் செய்து, "அப்பாவுக்கு விக்கல் நிக்க மாட்டீங்குது சாமி" என்று மகனிடம் சொன்னார். நான் போனை வாங்கினேன்.

"அத்தை, ஒண்ணுக்குப் போறாருங்களா?"

அத்தை குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நேத்து துளியூண்டு போனாரு கண்ணு. இன்னிக்கு இல்ல."

"காலு வீங்கியிருக்குதுங்களா?"

"அமுக்குனா குழி உழுவுது."

உடனே கோயம்புத்தூருக்குக் கூட்டி வரச் சொன்னேன். என் கணவர் அப்பாவிடம் பேசினார். ஸ்பீக்கரில் அவர் குரல் குழறியது, ஆனால் வார்த்தைகள் குழறவில்லை. "அன்னூர்க்காரி சொன்னாளாக்கும்? இனி என்ற மூத்திரத்தையும் அவ அளக்கோணுமா?" வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மறுநாள் என் கணவர் ஊருக்குப் போய் நின்றபோது அவருக்கு மகனை அடையாளம் தெரியவில்லை. கார் பின் சீட்டில் படுக்கவைத்து, கதவைச் சாத்த முடியாமல் காலை மடக்கிக் கொண்டு வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர் அத்தையிடம் விவரம் கேட்டார். அவர் நின்றது அத்தைக்கு இடது பக்கம். கையில் இருந்த கணினியில் பாதிக் கண்.

"வலி மாத்திரை அவராவே எடுத்துக்கிட்டாரு, அப்படித்தானேம்மா?"

"ஆமாங்க."

"சீட்டு இல்லாம கடையில வாங்கி?"

"ஆமாங்க."

"வாந்தி பேதி ஆரம்பிச்சதும் மாத்திரைய நிறுத்திட்டாரா?"

"ஆமாங்க."

"தண்ணி, உப்புக்கரைசல் எல்லாம் குடுத்துட்டுத்தான் இருந்தீங்க?"

"ஆமாங்க."

எல்லாக் கேள்விக்குள்ளும் பதில் இருந்தது. எங்கள் ஆபீசில் இப்படி நான்கு கேள்வி அனுப்பினால் அன்றே மேலிடத்திலிருந்து கடிதம் வரும். அந்தப் பக்கத்துக் காது கேட்காது என்று டாக்டரிடம் சொல்ல வாயெடுத்தேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார். பயத்தில் பிடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றைச் சுற்றி இருக்க வேண்டிய கிரியாட்டினின் எட்டைத் தாண்டியிருந்தது. டாக்டர் தெளிவாகவே எழுதினார். திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு, உள்ளே குழாய்த் திசுக்கள் சேதம், காரணம் நீர் வற்றியதும் வலி மாத்திரையும். அமெரிக்க டாக்டர்களிடம் நான் கேள்விக்கு மேல் கேள்வி அனுப்பியும் கிடைக்காத தெளிவு. பழக்கத்தில் என் மூளை பாட்டுக்குக் குறியீடுகளை அடுக்கிக்கொண்டது. அடுக்கி முடித்த பிறகுதான் படுக்கையில் கிடப்பவர் யார் என்பது உறைத்தது.

கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். பெரிய டாக்டர் எங்களை வெளியே கூப்பிட்டு, இது நாள்பட்ட நோய் இல்லை, திடீரென வந்தது, தாங்கிக்கொண்டால் சிறுநீரகம் திரும்ப வேலை செய்யலாம் என்றார். என் கணவர் சுவரோடு சாய்ந்து அழுதார். அத்தை என்னைத் தனியே இழுத்தார்.

"அக்யூட்டு அக்யூட்டுங்கறாரே, அப்படீன்னா என்ன கண்ணு?"

"திடீர்னு வந்ததுங்க அத்தை. கிட்னி மறுபடியும் பழையபடி ஆயிரும்."

"ஆயிருமா?"

"பெரும்பாலும் ஆயிரும்."

"பெரும்பாலும்னா? ஆகாமப் போறதும் உண்டா?"

"உண்டுங்க. அப்படியும் சில பேருக்கு ஆகறதுண்டு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மறுநாள் காலையிலும் அதையே கேட்டார். அதற்கு அடுத்த நாளும். ஒவ்வொரு நாளும் என் பதிலின் பின்பாதிக்காகவே அவர் காத்திருந்தது எனக்குப் புரிய நேரம் பிடித்தது.

ஆபீசில் லீவு கேட்டேன். எங்கள் டீம் லீடர் ஒரு பெண். என்னைவிடச் சின்னவள். "பேஷன்ட் ஐ.சி.யூ.வுக்கு உள்ளதானே இருக்காருங்க்கா? நீங்க வெளியதானே உக்காந்திருக்கீங்க? லேப்டாப் எடுத்துட்டுப் போங்க" என்றாள். கொங்குப் பிள்ளை, குழைவாகத்தான் சொன்னாள். பார்வையாளர் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ஓஹையோவிலும் டெக்சாஸிலும் சிறுநீரகம் நின்றுபோனவர்களுக்கு எண் போட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் மாமனாருக்கு நின்றிருந்தது.

அவருக்கு நினைவு திரும்பிய பிறகு ஒரு மத்தியானம் நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். சிறுநீர் வராதவருக்குத் தண்ணீர் கொடுத்தால் அது நுரையீரலில் போய்ச் சேரும். அதனால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து வைத்திருந்தார்கள். அன்றைய அளவு முடிந்திருந்தது. அவர் உதடு வெடித்து, நாக்கு பலகை மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"அம்மணி."

வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"அம்மணி, ஒரு வாய் தண்ணி."

நர்ஸ் ஒரு மலையாளப் பெண். தலையை ஆட்டி மறுத்துவிட்டு, பஞ்சை நனைத்து உதட்டில் வைக்க வேண்டுமானால் வைக்கலாம் என்றாள். நனைத்து வைத்தேன். அவர் பஞ்சைச் சப்பினார். பஞ்சு காய்ந்ததும் என் விரலைச் சேர்த்துச் சப்பினார். கையை இழுத்துக்கொண்டேன்.

"இன்னொரு வாய்."

"இல்லீங்க மாமா. குடுக்கக் கூடாதுங்க."

அவர் முகம் மாறியது. பிறகு பேச ஆரம்பித்தார். மூச்சு வாங்க வாங்க, விட்டு விட்டு, என் தெருவைச் சொல்லி, என் அம்மாவைச் சொல்லி, என் மகள் யாருக்குப் பிறந்தாள் என்பதைச் சொல்லி. நர்சுக்கு அந்தப் பேச்சு விளங்கவில்லை. "எந்தா பறயுந்நே?" என்று கேட்டாள். "தண்ணி கேக்கறாரு" என்றேன். அவள் பாவப்பட்டு உச்சுக் கொட்டினாள். நான் பஞ்சை மறுபடி நனைக்கவில்லை.

அதற்குப் பிந்தைய ஒரு மத்தியானம், நானும் அத்தையும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு வேப்பமர நிழலில் தயிர்ச்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கிரியாட்டினின் இறங்கவே இல்லை. என் கணவர் உள்ளே டாக்டருக்காகக் காத்திருந்தார். அத்தை நன்றாகச் சாப்பிட்டார். ஊறுகாய் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். பிறகு கையைக் கழுவிவிட்டு, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சொன்னார்.

"மெடிக்கல் கடைப் பையன் சொன்னான் கண்ணு. வாந்தி பேதி இருக்கறப்ப இந்த மாத்தரயக் குடுத்துப்போடாதீங்க, கிட்னி போயிரும்னு."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"எப்பவும் ஒண்ணு குடுத்துட்டு அட்டையக் கொண்டுபோய் ஒளிச்சு வெச்சுப்போடுவேன். அன்னிக்கு முட்டி வலிக்குதுன்னு கத்துனாரு. எந்திரிக்க முடியாமக் கெடந்துக்கிட்டே சொம்பத் தூக்கி எறிஞ்சாரு. நான் அட்டையோட கொண்டுபோய்ப் பக்கத்துல வெச்சேன். தண்ணியும் வெச்சேன், கொஞ்சமா. கேட்டாரு, குடுத்தேன். மக்யா நாளும் கேட்டாரு, குடுத்தேன்."

"மறந்துட்டீங்களா அத்தை, கடைக்காரர் சொன்னத?"

நான் கேட்டது எங்கள் ஆபீஸ் சட்டப்படி தப்பான கேள்வி. அவருக்கு வேண்டிய பதிலை நானே உள்ளே வைத்துக் கொடுத்தேன். அவர் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

"நெம்ப நல்லா நெனப்பு இருந்துச்சு" என்றார். "அன்னிக்கு வந்தப்ப டாக்டர் கேட்டதெல்லாம் எனக்குக் கேட்டுச்சு கண்ணு. அவரு கத்தித்தான் பேசறாரு."

மருந்தினால் சிறுநீரகம் பழுதானால் எங்கள் குறியீட்டுப் புத்தகத்தில் அதற்குப் பல கட்டங்கள் உண்டு. சரியான மருந்தைச் சரியான அளவில் சாப்பிட்டும் உடம்பு தாங்காமல் போனது. தெரியாமல் அதிகமாகச் சாப்பிட்டது. சாக வேண்டும் என்று தானே சாப்பிட்டது. இன்னொருவர் வேண்டுமென்றே கொடுத்தது. இவற்றுக்குப் பிறகு, எதுவென்று தீர்மானிக்க முடியாதது என்றும் ஒன்று. எந்தக் கட்டம் என்பதை டாக்டர் எழுதியதை வைத்துத்தான் முடிவு செய்வோம். இங்கே டாக்டர் எழுதிவிட்டார். தயிர்ச்சாத டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தேன். அத்தை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "வெயிலு என்னமா அடிக்குது" என்றார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யாருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரம் மாமனாருக்குச் சிறுநீர் வந்தது. முதலில் குழாயோடு தொங்கிய பையின் அடியில் தேநீர் நிறத்தில் கொஞ்சம். பிறகு ஒரேயடியாக, பையை மாற்றி மாற்றிக் கட்டும் அளவுக்கு. சிறுநீரகம் திரும்பும்போது அப்படித்தான் கொட்டும். என் கணவர் கூடத்துக்கு ஓடிவந்து, அத்தனை பேர் நடுவில், "அம்மா, ஒண்ணுக்கு வந்துருச்சு! அப்பாவுக்கு ஒண்ணுக்கு வந்துருச்சு!" என்று கத்தினார். முன்பின் தெரியாதவர்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அத்தை உள்ளே போய்க் கட்டிலின் ஓரத்தில் தொங்கிய பையைக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இனி இது நிக்காதா கண்ணு?"

"நிக்காதுங்க அத்தை. இனிப் பயமில்ல."

"ஓ" என்றார்.

அவர் வீடு திரும்பியதும் சொந்தபந்தம் எல்லாம் பார்க்க வந்தது. மாமனார் இளைத்துப்போயிருந்தார், குரல் மட்டும் இளைக்கவில்லை. நடையில் ஒரு கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் கதை சொன்னார். "அன்னூர்க்காரி என்னையத் தண்ணி குடுக்காமக் கொல்லப் பாத்தாளுங்க. உசுரு போற வலியில ஒரு வாய் கேட்டனுங்க, இல்லீன்னுட்டா." நான் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் மகளோடு நின்றிருந்தேன். சொந்தக்காரப் பெண் ஒருத்தி அத்தையிடம் நிஜமா என்று கேட்டாள். டாக்டர் சொல்லித்தான் கொடுக்கவில்லை என்று அவர் சொல்வார் என்று பார்த்தேன். "ஆமாங்க, குடுக்கலீங்க" என்றார் அத்தை. காப்பித் தட்டை நீட்டினார்.

முட்டி வலி மாமனாரை விட்டுப் போகவில்லை. படுத்தே கிடந்ததில் அதிகமாகியிருந்தது. அவர் பழையபடி மாத்திரை கேட்டார். அத்தை கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்.

"டாக்டர் வேண்டாம்னுட்டாருங்க. உங்க கிட்னிக்கு ஆகாதுங்க."

அவர் திட்டினார். அத்தை நின்று கேட்டார். அவர் கையில் கிடைத்ததை எறிந்தார். அத்தை பொறுக்கி எட்டாத இடத்தில் வைத்தார். சாயங்காலம் ஆனால் வலி ஏறி அழுவார். பெரிய மனுஷன், ஊருக்குள் பஞ்சாயத்துப் பேசினவர், "ஐயோ ஐயோ" என்று நீட்டி அழுவார். அத்தை டிவியில் சீரியல் பார்ப்பார். விளம்பரம் வரும்போது எட்டிப் பார்த்து, "கிட்னி முக்கியமுங்க" என்பார். உப்பைக் குறைக்கச் சொன்னதற்கு உப்பே இல்லாமல் ஆக்கிப் போட்டார். இட்லி, ரசம், கீரை எல்லாமே சப்பென்று. ஊரே அத்தையைப் புகழ்ந்தது. எமன் வாயிலிருந்து பிடுங்கி வந்து பத்தியம் தவறாமல் காப்பாற்றுகிறாள் என்றார்கள்.

டாக்டர் ஒன்றும் அப்படிச் சொல்லவில்லை. பழைய வலி மாத்திரைதான் கூடாது, பாராசிட்டமால் கொடுக்கலாம் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். அடுத்த முறை போனபோது நானே ஒரு அட்டை வாங்கிப் போய் அத்தையிடம் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பிடீங்களா கண்ணு, நல்லதாப் போச்சு" என்று வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். கட்டிலில் படுத்தபடி அவரால் அதைப் பார்க்க முடியும். மறுபடி நாங்கள் போனது தீபாவளிக்கு. அட்டையில் ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை.

அத்தை மாட்டுக் கொட்டகையில் இருந்தார். மாமனார் போர்வையை வாயில் கவ்விக்கொண்டு கிடந்தார். நான் அட்டையை எடுத்து ஒரு மாத்திரையை உடைத்து, சொம்பில் தண்ணீரோடு கொண்டுபோனேன். யார் கை என்று பார்க்காமல் வாங்கிப் போட்டுக்கொண்டு தண்ணீர் முழுவதையும் குடித்தார். திரும்பினால் வாசற்படியில் அத்தை பால் செம்போடு நின்றிருந்தார்.

"ஏங்கண்ணு" என்றார். குரல் உயரவே இல்லை. "உனக்கு என்ன நல்லது செஞ்சுபோட்டாரு இவரு?"

"வலிக்குதுங்க அத்தை அவருக்கு."

"வலிக்கட்டும். வலிக்கோணும்னுதான் வெச்சிருக்கறேன். சாகாமப் பாத்துக்கறனில்ல? அது போதாதா?"

கட்டிலில் இருந்தவருக்கு எல்லாம் கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்த ஊட்டுல மாத்தர குடுக்கறது நானு. இனி நீ வாரதா இருந்தா வாசலோட நின்னுக்கோ." பால் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மாமனார் இத்தனை வருஷம் மகன் மூலமாகச் சொன்னதை அவர் நேராகவே சொன்னார். என் கணவரிடம் சொன்னேன். "அம்மா ஏதோ டென்ஷன்ல பேசியிருப்பாங்க" என்றார்.

மறுபரிசோதனைக்கு அத்தை தவறாமல் கூட்டி வருகிறார். கடைசியாக வந்தபோது நானும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து மலர்ந்துபோனார். கிரியாட்டினின் பத்து வயதுக் குழந்தைக்கு இருப்பது போல் இருந்தது. "இவ்வளவு சுத்தமாப் பாத்துக்கிட்டவங்களை நான் பாத்ததே இல்லைம்மா" என்று அத்தையைப் பார்த்துக் கும்பிட்டார். சக்கர நாற்காலியில் மாமனார் ஓசையில்லாமல் அழுதுகொண்டிருந்தார்.

"ஏங்கய்யா, வலி ஏதும் இருக்குதா?"

"வயசாச்சுங்க" என்றார் அத்தை. "சும்மாவே அழுவாருங்க."

டாக்டர் 'வேறு தொந்தரவு இல்லை' என்று தட்டச்சு செய்வது திரையில் தெரிந்தது. எழுதாதது எதுவும் இல்லாததாகிவிடும் என்று எனக்குத் தெரியும். "முட்டி வலி இருக்குதுங்க டாக்டர். பாராசிட்டமால் எழுதிக் குடுங்க" என்றேன். அவர் ஆச்சரியப்பட்டு, தாராளமாகக் கொடுக்கலாமே என்று எழுதினார், காலை ஒன்று, சாயங்காலம் ஒன்று. அத்தை சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். கார் வரும்வரை என்னிடம் பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை.

சீட்டில் எழுதியபடி கொடுக்கிறாராம். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. நடுவில் எவ்வளவு கத்தினாலும் கிடையாது. என் கணவர் ஒவ்வொரு மாதமும் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். போன முறை அவர் கிளம்பும்போது மாமனார் மகனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம். கோயம்புத்தூருக்கு, உன்ற வீட்டுக்கு என்னையும் கூட்டிட்டுப் போயிரு என்றாராம். அன்னூர்க்காரி என்று சொல்லவில்லையாம், அந்தப் புள்ள என்னைப் பாத்துக்கும் என்றாராம்.

என் கணவர் இதைச் சாப்பிடும்போது சொன்னார். சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "கூட்டிட்டு வரலாமா?" என்று கேட்டார்.

நான் அவருக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன். "நாம இருக்கறது ரெண்டாவது மாடி. லிஃப்ட் இல்லை. எப்படித் தூக்கிட்டு வர்றது?" என்றேன்.

அதுவும் உண்மைதான்.